கடலூர் டூ சிதம்பரம்: பையில ஒரு கப்பு

ஒரு பித்தளைக் கப்பைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா பாஸ்? பேக்ல ஜிப் மூடாது. மூடினாலும் கப்போட காது ரெண்டும் வெளியில நீட்டிக்கிட்டிருக்கும். பக்கத்து சீட் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "என்ன தம்பி, குத்துவிளக்கா?"ன்னு கேட்டார். "இல்லைங்கய்யா, ஃபுட்பால்ல குடுத்தது"ன்னேன். "அட, நீ அவ்வளவு நல்லா ஆடுவியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமதான் நான் கடலூருக்கே போய்க்கிட்டிருந்தேன்.

மேட்டர் இதுதான். போன மார்ச்ல எங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேல ஃபுட்பால் டீமோட 'பெஸ்ட் ப்ளேயர்' கப்பை என் கையில குடுத்தாங்க. (காலேஜ் பேர் கேட்காதீங்க. இன்னும் மூணு செமஸ்டர் பாக்கி இருக்கு.) நான் லெஃப்ட் பேக். மைக்ல என் பேரைக் கூப்பிட்டப்ப, கை தட்டல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு செகண்டு ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, அதை நான் இன்னும் மறக்கலை. ஏன்னா அந்த மேடைக்குக் கீழே மூணாவது வரிசையில உட்கார்ந்து சத்தமா விசில் அடிச்சவன்தான் எங்க டீமோட உண்மையான பெஸ்ட் ப்ளேயர். மிட்ஃபீல்டு. ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். அவனை இந்தக் கட்டுரை முழுக்க 'மாப்ள'ன்னே சொல்றேன், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

மாப்ள ஏன் வாங்கலை? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா ஊருக்கு பஸ் ஏறிடுவான். சனி, ஞாயிறு அப்பாகூட ஃபைபர் போட்ல கடலுக்குப் போகணும். அதனால சனிக்கிழமை பிராக்டீஸ்ல இருக்க மாட்டான். நான்? ஒரு நாள்கூட மிஸ் பண்ணினது இல்லை. பந்துகளை எண்ணி ரூம்ல வைக்கிறது, டீம் லிஸ்ட்டை டைப் பண்றது, கோச் ஜோக் அடிச்சா முதல் ஆளா சிரிக்கிறது, எல்லாம் நான்தான். கோச் கெட்டவர் இல்லைங்க. அவர் கண்ணுக்கு தினமும் தெரிஞ்ச மூஞ்சி என்னோடது. அவ்வளவுதான்.

ஆறு மாசம் அந்தக் கப்பு ஹாஸ்டல் அலமாரியில என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. இந்தப் பத்திரிகையில இன்டர்னா சேர்ந்ததும், 'ஏதாவது ஊருக்குப் போய் எழுது தம்பி'ன்னு சொன்னாங்க. கப்பை பேக்ல போட்டேன். மாப்ளகிட்ட குடுத்துடலாம்னு ப்ளான்.

கடலூர்ல பஸ் ஸ்டாண்டு இருக்கிற பக்கம் திருப்பாதிரிப்புலியூர். எல்லாரும் சுருக்கமா திருப்பாப்புலியூர்ம்பாங்க. அங்கிருந்து கெடிலம் ஆத்துப் பாலத்தைத் தாண்டினா மஞ்சக்குப்பம். அந்தப் பக்கம் கலெக்டர் ஆபீஸ், பெரிய மைதானம், கோர்ட்டுன்னு வேற ஊர் மாதிரி இருக்கும். இன்னும் கிழக்கே போனா தேவனாம்பட்டினம், சில்வர் பீச். பக்கத்துலயே வெள்ளைக்காரன் விலைக்கு வாங்கின செயின்ட் டேவிட் கோட்டையோட மிச்சம். கோட்டை பார்க்கணும்னு போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க, சொல்லிட்டேன். கடல் மட்டும் ஏமாத்தாது.

ஏமாத்தாதுன்னு சொன்னதை மாப்ள அம்மா கேட்டா திட்டுவாங்க. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு கடலூர் மாவட்டத்துல மட்டும் அறுநூறு பேருக்கு மேல கடல் கொண்டு போச்சு. தேவனாம்பட்டினமும் அடிபட்ட ஊர்தான். எங்க செட் பசங்களுக்கு அது பாடப் புத்தகத்துல வர்ற சம்பவம். அவங்க வீட்ல அது வாசல் வரைக்கும் வந்த தண்ணி.

கடலூர் ஃபுட்பால் கதையே அந்தத் தண்ணியிலேருந்துதான் பெருசா ஆரம்பிக்குதுன்னு சொல்லலாம். சுனாமியால பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பந்தைக் குடுத்து ஆடச் சொல்லிக் கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். இந்திரா காந்தி அகாடமின்னு கடலூர் பெண்கள் டீம் ஒண்ணு இந்தியன் விமன்ஸ் லீக் வரைக்கும் போய் ஆடியிருக்கு. 2018-ல தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரை 2-1னு ஜெயிச்சு முதல் தடவையா தேசிய சாம்பியன் ஆச்சு. மணிப்பூரை! பெண்கள் ஃபுட்பால் தெரிஞ்சவங்களுக்கு அதோட வெயிட் புரியும். 2023-ல அமிர்தசரஸ்ல ஹரியானாவை ஜெயிச்சு மறுபடியும் கப்பு. கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு மிட்ஃபீல்டுல ஆடினவங்க, தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டரும் ஆனவங்க. 2023-24க்கான இந்தியாவின் சிறந்த வீராங்கனை விருதை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அவங்களுக்குத்தான் குடுத்துச்சு.

சாயங்காலம் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு மாப்ள கூட்டிட்டுப் போனான். ஒரு பக்கம் வாக்கிங் போற அங்கிள்கள், இன்னொரு பக்கம் பொண்ணுங்க ரெண்டு டீமாப் பிரிஞ்சு ஆடிக்கிட்டிருந்தாங்க. வெளியில டீ கடையில ஒரு ரிட்டயர்டு பி.டி. சார் அறிமுகம் ஆனார். பல வருஷம் காலேஜ் பசங்களை மேய்ச்சவர். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார். அவர்கிட்ட கப்பு கதையைச் சொன்னேன். சிரிக்கவே இல்லை.

"அந்த கோச் இடத்துல நான் இருந்தாலும் உனக்குக் குடுத்திருப்பேன்"னார்.

எனக்கு ஷாக். மாப்ள டீயை உறிஞ்சிக்கிட்டு ஜாலியா வேடிக்கை பார்க்கிறான்.

"மேட்ச் பார்க்கிறவன் தொண்ணூறு நிமிஷம்தான் பார்க்கிறான் தம்பி. கோச் வருஷம் பூராவும் பார்க்கிறான். திறமைக்குக் குடுத்தா, வராதவனுக்குக் கப்புன்னு அடுத்த வருஷம் பாதிப் பேர் பிராக்டீஸுக்கு வர மாட்டான். ஒழுங்குக்குக் குடுத்தா, ஆடத் தெரியாதவனுக்குக் கப்புன்னு பேசுவான். ரெண்டு பக்கமும் அடி."

சரி சார், அப்போ அதுக்கு 'பெஸ்ட் ப்ளேயர்'னு ஏன் பேர் வைக்கணும், 'ரெகுலர் அட்டெண்டன்ஸ்'னு வெச்சிடலாமேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "அது நியாயம்தான்"னார். எனக்குப் பெருமை தாங்கலை. ஆனா சனிக்கிழமை வர முடியாதவன் ஏன் வரலைன்னு கோச் ஒரு தடவையாவது கேட்டாரான்னு அவர் திருப்பிக் கேட்டதும் பெருமை இறங்கிடுச்சு. ஏன்னா நானும்தான் கோச்கிட்ட அதைச் சொல்லலை. தினமும் பக்கத்துலயே நின்னவன் நான்.

அப்புறம் சார் ஒரு பந்தயம் கட்டினார். உள்ளே நடக்கிற மேட்ச்ல யார் பெஸ்ட்னு மூணு பேரும் தனித்தனியா எழுதணும். நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் இல்லையா, நோட்டை எடுத்து கட்டம் போட்டேன்: பாஸ், டேக்கிள், ஷாட், பந்தை இழந்தது. இருபது நிமிஷத்துல என் கணக்குப்படி மஞ்சள் பனியன் போட்ட ஸ்ட்ரைக்கர் ஃபர்ஸ்ட். ரெண்டு கோல். மாப்ள எழுதினது நீல டீம் கோல்கீப்பரை. மூணு கோல் விட்டவங்களை! கேட்டா, "ஏழு போயிருக்கணும் மாப்ள, மூணோட நின்னுச்சு"ங்கிறான். சார் எழுதினது, நான் நோட்ல ஒரு கோடுகூடப் போடாத நடு டிஃபென்ஸ் பொண்ணை. "அவ பந்தைத் தொடவே இல்லையே சார்?"ன்னேன். "அவ நின்ன இடத்துக்குப் பந்து வரவே இல்லை, கவனிச்சியா?"ன்னார்.

எங்க சொந்த பொசிஷனே டிஃபென்ஸ். எனக்கே தெரியலை பாருங்க.

இந்தக் குழப்பம் நம்ம ஊர்ல மட்டும் இல்லை. 2002 உலகக் கோப்பையில கோல்டன் பால் விருது ஜெர்மனி கோல்கீப்பர் ஆலிவர் கானுக்குப் போச்சு. ஓட்டு போட்டது ஃபைனலுக்கு முன்னாடி. ஃபைனல்ல கான் கையிலேருந்து பந்து நழுவி, ரொனால்டோ ரெண்டு கோல் போட்டு, பிரேசில் கப்பைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அந்த டோர்னமென்ட்ல ரொனால்டோவுக்கு மொத்தம் எட்டு கோல். இன்னிக்கும் இதுக்கு சண்டை போட ஆள் இருக்கு. டிஃபெண்டர்களுக்கு ஒரு ஆறுதல், 2006-ல கன்னவாரோ வாங்கின பாலன் டி'ஓர். என் ஹாஸ்டல் சுவத்துல அவர் படம்தான்.

நம்ம நாட்டுலயும் ஒரு விஷயம் உறுத்துச்சு. 2020-21க்கான சம்மேளன விருதுல ஆண்கள்ல சிறந்த வீரரா சந்தேஷ் ஜிங்கனை கிளப் கோச்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. பெண்கள்ல பாலா தேவியைத் தேசிய அணியோட கோச், டெக்னிக்கல் டைரக்டரோட கலந்து பேசி முடிவு பண்ணினாங்க. பாலா தேவிக்குத் தகுதி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா ஆம்பளைங்களுக்கு ஓட்டுப் பெட்டி, பொம்பளைங்களுக்கு ரெண்டு பேர் பேச்சா? அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்னா முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற ஆட்டம். அங்கே எஸ்.இ.சி.ன்னு ஒரு பெரிய லீக்ல கோச்கள் சேர்ந்து 'இந்த வருஷத்தோட பெஸ்ட் டீம்'னு ஒண்ணு அறிவிப்பாங்க. அதுல ஒரு கண்டிஷன்: எந்த கோச்சும் தன் டீம் ப்ளேயருக்கு ஓட்டுப் போடக் கூடாது. அடுத்தவன் டீம்லதான் நல்லவனைத் தேடணும். இது எனக்கு செம பிடிச்சிருந்துச்சு. எதிர் டீம் கோச்கிட்ட கேட்டிருந்தா எங்க டீம்ல யார் பேரைச் சொல்லியிருப்பார்? அரையிறுதி முடிஞ்சதும் எதிர் டீம் கோச் வந்து தோள்ல தட்டினது மாப்ளயை. நான் அப்போ பந்து எண்ணிக்கிட்டிருந்தேன்.

ராத்திரி மாப்ள வீட்ல சங்கரா மீன் குழம்பு. சாப்பிட்டு முடிச்சு, தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு கப்பை எடுத்து அவன் முன்னாடி வெச்சேன். "இது உன்னோடதுடா."

"லூசாடா நீ? இதுல உன் பேர் அடிச்சிருக்கு"ன்னான். அவன் அம்மா கப்பை வாங்கி உள்ளே வெளியே பார்த்துட்டு, "பித்தளைதான் தம்பி, புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துரும்"னு சொல்லி அடுப்படிக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பாவுக்குக் காலையில ரெண்டரை மணிக்குப் போகணும், படுத்துட்டார்.

மாடியில படுத்துக்கிட்டு மாப்ள சொன்னான். "கப்பு மேட்டரே இல்லை மாப்ள. லிஸ்ட்தான் மேட்டர்."

அவன் சொன்னது இது. காலேஜ் கப்பை வெச்சு ஒண்ணும் கிழிக்க முடியாது. யூனிவர்சிட்டி டீம்ல ஆடினாதான் சர்டிபிகேட். மத்திய அரசு வேலையில விளையாட்டுக் கோட்டாவுக்குக் கேட்கிறாங்களே, அதுல ஃபார்ம் 3ங்கிறது பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில ஆடினவங்களுக்கு. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு. இன்ஜினீயரிங் கவுன்சலிங்லயே 500 சீட்டு இருக்கு. அத்தனையும் சர்டிபிகேட்டைப் பார்த்து. செலக்ஷனுக்குப் போக காலேஜ் பேர் அனுப்பணும். யார் பேரை அனுப்புறது? பெஸ்ட் ப்ளேயர் பேரைத்தான் முதல்ல எழுதுவாங்க.

போன வருஷம் எங்க காலேஜ்லேருந்து போன லிஸ்ட்டை டைப் பண்ணினது நான். அதுல ரெண்டு பேர். அவன் பேர் இல்லை. என் பேர் இருந்துச்சு. போனேன், முதல் ரவுண்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. கடல் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் எதுவும் பேசலை.

மறுநாள் சிதம்பரம். ஏன்னா மாப்ளயோட சித்தப்பா பொண்ணு, கடலூர்ல பி.ஏ. ரெண்டாவது வருஷம், அன்னிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல செலக்ஷன். முன்னாடி கடலூர் மாவட்டக் காலேஜ்கள் எல்லாம் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துல இருந்துச்சு. 2021-ல சட்டம் மாத்தி அண்ணாமலையோட இணைச்சாங்க. வேலூருக்கு எங்கே, சிதம்பரத்துக்கு எங்கே? சுமார் 45 கிலோமீட்டர். காலையில கிளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். பொண்ணுங்களை வெளியூர் அனுப்பத் தயங்குற வீட்ல இந்த தூரம் எவ்வளவு பெரிய விஷயம்னு தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. திறமை இருந்தும் பஸ் தூரத்துல காணாமப் போனவங்களுக்கு எந்தக் கோச் கப்பு குடுப்பார்?

முதுநகர் தாண்டினதும் சிப்காட். ஜன்னலை மூடினாலும் அந்த கெமிக்கல் வாடை உள்ளே வந்து உட்கார்ந்துக்கும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், அப்புறம் வெள்ளாறு. ஆறு தாண்டினா நாலு கோபுரமும் தெரியுதான்னு கழுத்தை நீட்டிப் பார்க்கிறது எல்லாருக்கும் வழக்கம் போல, பஸ்ல பாதிப் பேர் நீட்டினாங்க.

டிஃபனுக்கு இட்லி, கத்திரிக்காய் கொத்சு. சிதம்பரம் போய் கொத்சு சாப்பிடலைன்னா அந்தப் பயணம் கணக்குல வராது. தங்கச்சி ஒரே ஒரு இட்லியோட நிறுத்திடுச்சு. பயம். அதைத் திசை திருப்ப மாப்ள கதை சொல்ல ஆரம்பிச்சான். தில்லையில சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. தேவர்கள் எல்லாம் ஆடியன்ஸ். ரெண்டு பேரும் சரிக்குச் சரியா ஆடுறாங்க. கடைசியில சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல தூக்கினார், காளி நாணத்தால தூக்கலை, தோத்துட்டாங்க, ஊர் எல்லைக்குப் போயிட்டாங்க. அதான் வடக்கே தில்லைக்காளி கோயில்.

தங்கச்சி கேட்டுட்டுச் சொல்லுச்சு: "அண்ணா, அது என்ன ரூல்? ஒருத்தரால போட முடியாத ஸ்டெப்பைக் கடைசியில வெச்சா? நான் இப்போ கால் தூக்கி வாலி அடிக்கிறேன், பார்க்கிறியா?"

சாமி கதையில ஆர்க்யூ பண்ணக் கூடாதுன்னு மாப்ள பம்மிட்டான். எனக்கு அந்தப் பொண்ணு மேல அப்பவே மரியாதை வந்துடுச்சு.

ரயில்வே லைனைத் தாண்டினா அண்ணாமலை நகர். 1929-ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம். மரங்களும் பழைய கட்டடங்களும் அகலமான ரோடுமா, எங்க காலேஜ் மாதிரி ஹைவே ஓரத்து கண்ணாடிப் பெட்டி இல்லை. சைக்கிள்ல போற பசங்களைப் பார்த்தா நாமளும் இங்கேயே சேர்ந்திருக்கலாம்னு ஒரு பெருமூச்சு வரும். வந்துச்சு.

கிரவுண்டு ஓரம் மரத்தடியில நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டோம். எந்தெந்த ஊர்லேருந்தோ பொண்ணுங்க வந்திருந்தாங்க. சிலர் நல்ல ஸ்டட்ஸ், சிலர் கடன் வாங்கின ஷூ. எல்லாரையும் கலந்து டீம் பிரிச்சு ஆட விட்டாங்க. தங்கச்சிக்கு நடு டிஃபென்ஸ். நேத்து சார் சொன்ன மாதிரி இந்தத் தடவை பந்தைப் பார்க்காம அதை மட்டும் பார்த்தேன். நோட்ல கட்டம் போடலை. பந்து போகப் போற இடத்துக்கு ரெண்டு அடி முன்னாடியே போய் நிக்குது. ஒரு தடவை எதிர் டீம் ஸ்ட்ரைக்கர் நேரா வந்து, இதைப் பார்த்துட்டு, பந்தைப் பின்னாடி திருப்பிட்டாங்க. கணக்குல வராத ஒரு டேக்கிள்.

அதே நேரம், பந்து இல்லாத பக்கத்துல நடக்கிற இது கரையில நிக்கிறவங்க கண்ணுல படுமா? எத்தனை பொண்ணுங்க, எவ்வளவு கொஞ்ச நேரம். நானே நேத்து தப்பா எழுதினவன்.

ஆட்டம் முடிஞ்சு முகமெல்லாம் புழுதியோட வந்துச்சு. "எப்படிண்ணா?"ன்னு என்னைத்தான் கேட்டுச்சு, ஏன்னா நான் பெஸ்ட் ப்ளேயர்னு மாப்ள ஏத்தி விட்டிருக்கான்! "நீ நின்ன பக்கம் பந்தே வரலைம்மா"ன்னேன். ஒரு செகண்டு முகம் வாடி, அப்புறம் புரிஞ்சு சிரிச்சுது.

திரும்பி வர்ற பஸ்ல கோச்சுக்கு மெசேஜ் டைப் பண்ணினேன். மாப்ளக்குத் தெரியாம. சனிக்கிழமை அவன் ஏன் வர்றதில்லைங்கிறதையும், இந்த வருஷ லிஸ்ட்டை அனுப்புறதுக்கு முன்னாடி டீம்ல எல்லாரும் ஒரு துண்டுச் சீட்டுல பேர் எழுதிக் குடுக்கலாமா, அவங்கவங்க பேரை எழுதக் கூடாதுன்னு கண்டிஷன் போடலாமான்னும் எழுதினேன். நாலு தடவை அழிச்சு நாலு தடவை எழுதினேன். வெள்ளாறு பாலத்துல அனுப்பினேன், புதுச்சத்திரத்துல ப்ளூ டிக், ஆலப்பாக்கத்துல பதில்: 'திங்கள்கிழமை வந்து பாரு.'

தேவனாம்பட்டினத்துல இறங்கினப்ப கப்பு அவங்க வீட்டு டி.வி. மேல தங்கம் மாதிரி மின்னிக்கிட்டிருந்துச்சு. உள்ளே மல்லிப்பூ. எடுத்துட்டு வர மனசு வரலை. என் பேர் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கு, அம்மா வேணும்னே வெச்சாங்களா தெரியலை.

தங்கச்சிக்கு லிஸ்ட் இன்னும் வரலை. இதை எழுதி முடிக்கிற வரைக்கும் தினமும் ஒரு தடவை மாப்ளகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்.